மருந்துச் செடிக்கு எந்த மருந்து அடிக்கிறது?

அக்கா பையன் போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணான். "மாமா, மருத்துவக் கஞ்சாவுக்கு இயற்கை முறையில பூச்சி விரட்டுறது எப்படின்னு ஒரு வெளிநாட்டு வீடியோ பாத்தேன், நம்ம வயல்ல…"ன்னு இழுத்தான், எனக்கு அதோட தூக்கம் போச்சு. டேய், 1985 போதைப்பொருள் சட்டம்னு ஒண்ணு இருக்கு, கஞ்சா வளத்தா பத்து வருசம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ஜம்முவுல மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் அனுமதி வாங்கி வளக்குறது வேற, நீ கொல்லையில வளக்குறது வேறன்னு கத்தித் தீத்துட்டேன். அவன் பொறுமையா கேட்டுட்டு, "அய்யோ மாமா, அதுல சொன்னத நம்ம துளசிக்குப் பண்ணலாமான்னுதான் கேக்க வந்தேன்"ன்னான்.

மறுநாள் காலையில நானும் அந்த வீடியோவ பாத்தேன். பாத்தது நல்லதாப் போச்சு, ஏன்னா நாம இத்தனை நாளா கேட்டுக்கிட்டு இருந்த கேள்வியே தப்புன்னு அப்பதான் உறைச்சுது. நாம என்ன கேக்குறோம்? அசுவினிக்கு எது, புழுவுக்கு எது, சாம்பல் நோய்க்கு எதுன்னு. அங்க அவங்க முதல்ல பாக்குறது செடி எந்தக் கட்டத்துல இருக்குன்னு. இளஞ்செடியா இருக்கறப்ப சிலந்திப் பேன் வந்தா அதைத் தின்னுற இன்னொரு வகைப் பேனை வாங்கி விடுறாங்க, சோப்புத் தண்ணி அடிக்கிறாங்க, பூ வச்சிடுச்சுன்னா பூ மேல எதையும் தெளிக்கிறதில்ல, வேப்பெண்ணெய்கூட கிடையாது. காரணம், அந்தப் பூதான் மருந்து. கனடாவுல 2016 கடைசியிலயும் 2017 ஆரம்பத்துலயும், லைசென்ஸ் வாங்கி வளத்தவங்க சரக்குலயே மைக்ளோபுட்டானில்னு ஒரு பூஞ்சணக்கொல்லி இருந்துச்சுன்னு கண்டுபுடிச்சு சரக்கையெல்லாம் திரும்ப வாங்க வேண்டியதாச்சு. திராட்சைக்கு சாதாரணமா அடிக்கிற மருந்துதான் அது, ஆனா சூடு பட்டா ஹைட்ரஜன் சயனைடு வரும், நோயாளி அதைக் கொளுத்தி இழுக்குறான். திராட்சையில ஒரு கணக்கு, புகையில வேற கணக்கு.

நமக்கு கஞ்சா வேண்டாம், அந்தக் கணக்கு மட்டும் போதும். எங்ககிட்ட திருநாகேஸ்வரம் பக்கம் ரெண்டு மா நிலத்துல (மூணு மா சேந்தா ஒரு ஏக்கர்) துளசி இருக்கு, சகலை வேதாரண்யம் பக்கம் மணல் கொல்லையில செங்காந்தள் போட்டிருக்காரு, நம்ம ஆளுங்க கண்வலிக்கிழங்குன்னு சொல்றது, கார்த்திகைப்பூன்னு சொல்றது எல்லாம் அதுதான். ரெண்டும் மூலிகைதான். ஆனா துளசியில இலையே சரக்கு, கோயிலுக்குப் போனா தீர்த்தத்துல போட்டு அப்படியே வாயில போட்டுக்குவாங்க, கழுவக்கூட மாட்டாங்க. உப்பிலியப்பன் கோயில்ல பெருமாளுக்கு உப்பே சேக்க மாட்டாங்க, அங்க போற துளசியில நான் வேப்பெண்ணெய் வாடைய சேத்து அனுப்ப முடியுமா சொல்லுங்க. செங்காந்தள்ல விதைதான் விலை போறது, அது காய்க்குள்ள தோல் மூடி பத்திரமா கெடக்கு, அதை எடுத்து கொல்ச்சிசின்கிற சத்தைப் பிரிச்சு கவுட்ங்கிற மூட்டுவலிக்கான மருந்துக்குப் போகுது. அதுல இலை மேல பட்டது நேரா எவன் வாய்க்கும் போகப்போறதில்ல. அதனால ரெண்டுக்கும் ஒரே டேங்க்ல கலக்கி அடிக்கிறவன் ஏதாவது ஒண்ணுல மாட்டுவான். நான் மாட்டினேன், சொல்றேன்.

முதல்ல வேப்பங்கொட்டைக் கரைசல். டெல்டாவுல இதுக்கு மேல சுலபமா கிடைக்கிறது எதுவும் இல்ல, ஆனி ஆடியில மரத்தடியில கொட்டிக் கெடக்கும், பொறுக்குறவனுக்கு ஆளுதான் இல்ல. கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு, இடிச்சு துணியில கட்டி 10 லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறவச்சு, காலையில பால் மாதிரி வர்ற வரைக்கும் பிழிஞ்சு, வடிகட்டி, மிச்சத் தண்ணி சேத்து, கொஞ்சம் சோப்பு கலக்கி அடிக்கணும். ஆனா இதுல ரெண்டு இடத்துல ஆளுங்க கோட்டை விடுறாங்க. ஒண்ணு, கொட்டையோட வயசு. பொறுக்கி மூணு மாசம் ஆகாத கொட்டையிலயும் எட்டு மாசம் தாண்டின கொட்டையிலயும் சத்து கம்மி, போன வருசத்து மூட்டையப் பிரிச்சு கரைச்சு அடிச்சிட்டு வேம்பு கேக்க மாட்டேங்குதுன்னு சொல்றவங்கள நானே பாத்திருக்கேன், பூசணம் புடிச்ச கொட்டைய கரைச்சவங்களும் உண்டு. இன்னொண்ணு, அடிக்கிற நேரம். வேம்புல வேலை செய்யுற சத்து அசாடிராக்டின், அதுக்கு வெயில் ஆகாது, காலையில பத்து மணிக்கு அடிச்சா சீக்கிரம் வீரியம் போயிடும், நாலு மணிக்கு மேலதான் அடிக்கணும். அதே குணம்தான் மூலிகைக்கு நல்லதும்கூட, சீக்கிரம் சிதைஞ்சு போறதால இலையில ரொம்ப நாள் தங்காது. இது அடிச்ச உடனே பூச்சிய சாகடிக்காது, தின்ன விடாது, தோல் உரிக்க விடாது, முட்டை வைக்க விடாது, அவ்வளவுதான். மூணாவது நாள் போய் பாத்துட்டு புழு உயிரோட இருக்கே, ஏமாத்து வேலைன்னு திட்டக்கூடாது, அது இருக்கும், ஆனா தின்னாது.

வேப்பெண்ணெய் வச்சு பூஞ்சணத்த அடக்குற முறைக்கு ஐரோப்பாவுல ஒரு அமெரிக்க கம்பெனி காப்புரிமை வாங்கி வச்சிருந்ததும், 2000-ல அதை ரத்து பண்ணதும், மேல்முறையீடு 2005-ல தள்ளுபடி ஆனதும் நம்ம பக்கம் டீக்கடையில பேசாத ஆள் கிடையாது. இங்க திருக்காட்டுப்பள்ளி பக்கத்து இளங்காட்டுக்காரர் நம்மாழ்வார் ஊர் ஊரா வேம்பப் பத்தி பேசினத கேட்ட தலைமுறை நாங்க. அவ்வளவு பெருமை பேசுற ஊர்ல, மரத்தடி கொட்டைய மாடு மிதிச்சிட்டுப் போகுது, நாம கடையில போய் பாட்டில் வாங்கிட்டு வர்றோம்.

அந்த பாட்டிலையும் பாப்போம். வேப்பெண்ணெய் வேற, அசாடிராக்டின் மருந்து வேற, கடைக்காரர் ரெண்டையும் "வேப்பம் மருந்து"ன்னு ஒரே வாயில சொல்லுவாரு. எண்ணெய்னா லிட்டருக்கு 30 மில்லி, சோப்பு சேக்கலன்னா தண்ணியில மிதக்கும், டேங்க்ல முதல்ல வெறும் தண்ணி வரும், கடைசியில வெறும் எண்ணெய் வரும், கடைசி வரிசைச் செடியெல்லாம் கருகும். அசாடிராக்டின் பாட்டில்ல பிபிஎம்னு (பத்து லட்சத்துல எத்தனை பங்கு சத்துன்னு) போட்டிருக்கும், 300, 1500, 3000, 10000-ன்னு வரும், அந்த நம்பர பாக்காம "போன தடவை அடிச்ச அளவே"ன்னு ஊத்தினா வீணாத்தான் போகும். பாட்டிலோட பலம் என்னன்னா வேலை மிச்சம், இடிக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம், நாசில் அடைக்காது, கரைசலுக்கு அரை நாள் ஒரு ஆளு உக்காரணும். செங்காந்தள் மாதிரி விதைப் பயிருக்கு நான் கண்ண மூடிக்கிட்டு பாட்டில சொல்லுவேன். துளசிக்கு மாட்டேன். நான் மாட்டினேன்னு சொன்னது இங்கதான், ஒரு வருசம் கண்ணாடி இறக்கைப் பூச்சி வந்து இலையெல்லாம் வெளுத்து அடியில கறுப்பு கறுப்பா புள்ளி விழுந்துச்சு, பயந்துபோய் வேப்பெண்ணெய் அடிச்சேன், வெட்டுறதுக்கு ஆறு நாள் முன்னாடி. பூச்சி போச்சு. காயவச்ச இலைய மூட்டை பிரிச்சு மோந்து பாத்த வியாபாரி ஒண்ணும் பேசல, மூக்க சுளிச்சுட்டு மூட்டைய திரும்பக் கட்டிட்டாரு. தப்பு என்னோடதுதான், அவர் மேல வருத்தப்பட என்ன இருக்கு.

நடுவுல இன்னொண்ணு இருக்கு, வேப்பம் சோப்பு, புங்கம் சோப்பு. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் காய்கறிக்குன்னு கொண்டு வந்தது, சோப்பும் எண்ணெயும் ஏற்கனவே ஒண்ணா இருக்கறதால கலக்குற பிரச்சனை இல்ல. துளசி குட்டையா, வெட்டி ரெண்டு வாரம் ஆகி துளிர் விட்டிருக்கறப்ப இதை இலைக்கு அடியில படுற மாதிரி அடிச்சா கண்ணாடிப் பூச்சிக்கு நல்லா கேக்குது. மேல மட்டும் அடிச்சிட்டு வந்துடாதீங்க, அது குடியிருக்கறதே அடியிலதான்.

இப்ப அஞ்சிலைக் கசாயம். இதைச் சொன்னா சில பேருக்கு கோவம் வரும், வரட்டும். நொச்சி, வேம்பு, ஆடாதொடை, எருக்கு, ஊமத்தை, புங்கன், காட்டாமணக்கு, நெய்வேலிக் காட்டாமணக்குன்னு ஆடு மாடு வாய் வைக்காத இலை, ஒடிச்சா பால் வர்ற இலையா பாத்து அஞ்சு வகை எடுத்து கோமியத்துல ஊறப்போட்டு பத்து நாள் கழிச்சு வடிகட்டி அடிக்கிறது. நெல்லுக்கு அடிங்க, கத்தரிக்கு ஆரம்பத்துல அடிங்க, நான் வேண்டாம்னு சொல்லவே இல்ல, செலவே இல்லாத மருந்து. ஆனா இலை மூலிகைக்கு இது கூடாதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, ஆடு ஏன் ஊமத்தைய தின்ன மாட்டேங்குது? அதுல விஷம் இருக்கு. ஊமத்தையில இருக்குற அட்ரோபின், ஸ்கோபோலமின் எல்லாம் மனுசனுக்கு புத்தி பேதலிக்க வைக்கிற சமாச்சாரம், அதைக் கரைச்சு துளசி மேல தெளிச்சுட்டு, அந்தத் துளசிய சளி புடிச்ச கொழந்தைக்கு கசாயம் போட்டுக் கொடுக்கச் சொல்றது எந்த ஊர் நியாயம். இயற்கையில வந்ததாலேயே ஒண்ணும் சாதுவாயிடாது, செங்காந்தள் கிழங்கும் இயற்கைதான், தின்னவன் பிழைக்கிறது கஷ்டம். ஊமத்தைய எடுத்துட்டு மத்த நாலு இலையில பண்றேன்னு வச்சாலும் கோமியம் இருக்கு. மூலிகை வாங்குற கம்பெனிங்க மருந்து எச்சம் மட்டும் பாக்கறதில்ல, கிருமி எண்ணிக்கையும் பாக்குறாங்க, ஈ.கோலை, சால்மோனெல்லான்னு தனித்தனியா. வெட்டுறதுக்கு கிட்டத்துல கோமியம் அடிச்ச இலை அந்தச் சோதனையில நிக்கிறது கஷ்டம். விதைப் பயிர்னா, இளசா இருக்கறப்ப ஒரு தடவை அடிக்கலாம், செங்காந்தளுக்கு சகலை அடிக்கிறாரு, நான் குறுக்க பேசறதில்ல.

இஞ்சி பூண்டு பச்சமிளகாய் கரைசல் பத்தி ரொம்ப சொல்றதுக்கில்ல. வேலை செய்யுது, சின்னப் புழுவுக்கும் அசுவினிக்கும். ரெண்டு நாள்ல மறுபடி அடிக்கணும், கண்ணுல பட்டா அன்னிக்கு முழுக்க அழுகை, துளசியில பூண்டு வாடை வந்தா சட்னிக்குத்தான் போகும். வீட்டு மாடியில நாலு தொட்டி வச்சிருக்கவங்களுக்கு இது சரி, ரெண்டு மாவுக்கு பூண்டு வாங்கிக் கட்டுப்படியாகாது.

உயிரியல் மருந்துங்கதான் இப்ப எல்லாரும் கேக்குறது, பவேரியா, மெட்டாரைசியம், லெக்கானிசிலியம், பேசில்லஸ். இதுல முதல் மூணும் பூஞ்சாணம், பூச்சி மேல ஒட்டி முளைச்சு உள்ள போய் கொல்றது, அது முளைக்க காத்துல ஈரம் வேணும். நம்ம டெல்டாவுல ஐப்பசி கார்த்திகையில இதுக்கு சொர்க்கம், சித்திரையில 38, 39 டிகிரி அடிக்கிறப்ப அடிச்சா பாக்கெட்ல இருந்த உயிரு இலையில விழுந்ததும் செத்துடும், காசு போச்சு. கடையில வெயில் படுற இடத்துல அடுக்கி வச்சிருந்தா அதையும் வாங்காதீங்க, தயாரிப்புத் தேதி பாருங்க. நீடாமங்கலத்துலயும் சிக்கல்லயும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, வாங்குறதுக்கு முன்னாடி அங்க ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. இதுலயும் இலைக்கும் விதைக்கும் கணக்கு மாறுது பாருங்க, பவேரியா மனுசனுக்கு ஆபத்தில்லன்னாலும் அதுவும் ஒரு பூஞ்சாணம்தானே, வெட்டுறதுக்கு கிட்டத்துல அடிச்சா பூஞ்சாண எண்ணிக்கைச் சோதனையில அதுவும் சேந்து வரும், எது நல்ல பூஞ்சாணம் எது கெட்டதுன்னு பாத்து எண்ணுற சோதனை இல்ல அது. வீடியோவுல அந்த வெளிநாட்டுக்காரரும் இதையேதான் புலம்பினாரு, நல்லது பண்ணப் போய் சரக்கு நிராகரிச்சுட்டாங்கன்னு.

பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ், நம்ம ஆளுங்க பிடின்னு சொல்றது, அது வேற ரகம், பாக்டீரியா, புழு தின்னாத்தான் சாகும், பறக்குறதையும் சாறு உறிஞ்சுறதையும் ஒண்ணும் பண்ணாது. துளசி கண்ணாடிப் பூச்சிக்கு பிடி அடிக்கிறது தண்ணி அடிக்கிறதுக்கு சமம். ஆனா செங்காந்தள்ல கறுப்பும் வெள்ளையும் ஆரஞ்சுப் புள்ளியுமா ஒரு புழு வரும் பாருங்க, லில்லிப் புழுன்னு சொல்லுவாங்க, பாக்க அழகா இருக்கும், ரெண்டு ராத்திரியில கொடிய குச்சியாக்கிட்டுப் போயிடும், அதுக்கு பிடி சரியான ஆளு. புழு நகக்கண்ணு அளவு சின்னதா இருக்கறப்ப அடிக்கணும், விரல் நீளம் வந்தப்புறம் அடிச்சா அது தின்ன வேண்டியதெல்லாம் தின்னு முடிச்சிருக்கும். சகலை ஒரு வருசம் மழை விடட்டும்னு நாலு நாள் காத்திருந்தாரு, அந்த நாலு நாள்ல பாதிக் கொடி போச்சு.

செங்காந்தள்ல இன்னொரு விசயம், காலையில கையால மகரந்தம் சேக்கணும், பூவோட சூல்தண்டு ஒரு பக்கமா மடங்கி நிக்கிறதால தானா விழுறது கம்மி. அந்த நேரத்துல எதையும் தெளிக்காதீங்க, வேம்பா இருந்தாலும் சரி, மகரந்தத்தோட சேத்து கழுவிட்டுப் போயிடும். சாயந்திரம்தான். கிழங்கு அழுகலுக்கு நடுறப்பவே டிரைக்கோடெர்மாங்கிற நல்ல பூஞ்சாணத்த தொழு உரத்துல கலந்து போட்டுட்டா நல்லது, அழுக ஆரம்பிச்சப்புறம் மேல எது அடிச்சாலும் கீழ போய் சேராது.

கடைசியா தின்னுற பூச்சிய வச்சே தீங்கு பண்ற பூச்சிய அடக்குறது. இதை கதைன்னு நெனைக்கிறவங்களுக்கு பப்பாளி மாவுப்பூச்சிய ஞாபகப்படுத்துறேன், 2008-ல கோயம்புத்தூர் பக்கம் முதல்ல தெரிஞ்சு பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு எல்லாத்தையும் வெள்ளையடிச்ச மாதிரி ஆக்குச்சு, எந்த மருந்துக்கும் மசியல, 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து அசிரோஃபேகஸ்னு ஒரு பொடிக் குளவிய கொண்டு வந்து விட்டாங்க, அது அடக்கிடுச்சு. ஆனா அது அரசாங்கம் பண்ண வேலை, நம்ம ரெண்டு மாவுக்கு அப்படி காசு கொடுத்து வாங்கி விட்டா பக்கத்து வயலுக்குப் பறந்து போயிடும். நம்ம அளவுக்கு வரப்புல தட்டைப்பயறு போடலாம், அதுல அசுவினி வரும், அதைத் தின்ன பொறிவண்டு வரும், அது துளசிக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போகும். மஞ்ச ஒட்டுப்பொறி ஏக்கருக்கு அஞ்சு கட்டலாம், தகரத்துல மஞ்ச பெயிண்ட் அடிச்சு விளக்கெண்ணெய் தடவினாலே போதும், ஆனா அதுல ஒட்டுறத எண்ணிப் பாத்து எப்ப அடிக்கணும்னு முடிவு பண்றதுக்குத்தான் அது, அதுவே எல்லாத்தையும் புடிச்சிடும்னு நம்பாதீங்க.

சரி, அக்கா பையனுக்கு என்ன சொன்னேன்னா, துளசிக்கு பெரிய மருந்தே அரிவாள்தான். பூச்சி ஏறுதுன்னு தெரிஞ்சா வெட்டு நாள முன்னாடி தள்ளு, தரையில இருந்து ஒரு சாண் விட்டு வெட்டு, பூச்சி இருக்குற இலைய வயல்லயே போடாம அள்ளிக் கொளுத்து, புதுத் துளிர் சுத்தமா வரும், அடுத்த வெட்டுக்கு எப்படியும் ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்கு. அந்த ரெண்டு மாசத்துல முதல் மூணு வாரம் மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசலோ சோப்போ அடி, அப்புறம் வெட்டுற வரைக்கும் போர் தண்ணிய வேகமா இலைக்கு அடியில பீச்சி அடிக்கிறதோட நிறுத்து. சகலைக்கு பாட்டில் வேப்பம் மருந்து, பிடி, நடுறப்ப டிரைக்கோடெர்மா, மிச்சத்துக்கு காலையில மகரந்தம் சேக்கறப்பவே கையுறை போட்டுக்கிட்டு புழுவ பொறுக்கிப் போட ஒரு டப்பா சோப்புத் தண்ணி.

"அப்ப போன வருசம் பொறுக்கின கொட்டை நாலு கிலோ பரண்ல இருக்கே மாமா, அதை இப்ப கரைச்சிடட்டுமா"ன்னான். பதினோரு மாசம் ஆச்சுடா, இடிச்சு வாழைக்கு அடியில போடு, சாக்க எடுத்துக்கிட்டு கோயில் வேம்படிக்குப் போ, நேத்து அடிச்ச காத்துல நிறைய உதிந்து கெடக்கு, ஐப்பசிக்கு அதுதான் ஆகும்.